சகலையின் பக்கத்தை நான் ஏன் தினமும் பார்க்கிறேன்

"மாட்டப் போடு, படத்தப் போடு, நான் வேணாம்னனா? வெலய எதுக்குய்யா போட்ட?"

"நானா போட்டேன்? வித்து முடிஞ்சா அதுவே போட்டுக்குதுடி!"

"அதுவே போட்டுக்குதா? அதுக்கென்ன கையா காலா? பால் சொசைட்டில கேன எறக்கி வெக்கல, அதுக்குள்ள 'என்ன கண்ணம்மா, மாட்ட வித்துப் பெரிய ஆளாயிட்டியாமே'ங்கறாளுங்க. உங்கண்ணன் காலங்காத்தால வந்து டீ குடிச்சுட்டுப் போறாரு. என்னைக்காச்சும் நம்ம வூட்டு டீ அவரு தொண்டைல எறங்கி இருக்குதா?"

"நல்ல வெல வந்துதா இல்லையா? அத மொதல்ல சொல்லு."

"வந்துது. அதான் கேக்கறேன். ஐஸ்வர்யா நர்சிங் படிப்புக்குன்னு வித்தோம். இப்ப உங்கண்ணன் அவரு பையன் பைக்குக்குக் கேக்கறாரு. இல்லன்னு சொல்லு பாக்கலாம். போன நீட்டறாரு. உம் மூஞ்சி, மாட்டு மூஞ்சி, கீழ வெல. வரிசையா நிக்குது!"

"சரி விடு. இனிமே அதுல போடல."

"போட்டுத்தான் பாரேன். போனு கெணத்துல இருக்கும்."

இது எங்கள் பக்கத்து வீட்டுச் சண்டை. நல்லம்பள்ளிக்கு வெளியே எங்கள் வீட்டுக்கும் சென்றாயன் வீட்டுக்கும் நடுவில் ஒரு இடுப்பு உயரச் சுவர்தான். காலையில் மோட்டார் போட வந்தவன் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றுவிட்டேன். அடுத்தவர் சண்டையை ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரியும். ஆனால் சென்றாயன் மாட்டை விற்ற அந்த ஆப்பில் நான் பணம் போட்டிருக்கிறேன். அவர் இனிமேல் அதில் போட மாட்டேன் என்கிறார். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும்.

வந்தது சந்தோஷம். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பிரபாகர். ஐம்பது தாண்டிவிட்டது. பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவன். நம் தருமபுரி மாவட்டத்தில் யாராவது புதிதாகக் கம்பெனி ஆரம்பித்தால் போய்ப் பார்ப்பேன். யோசனையும் ஆளும் பிடித்திருந்தால் கொஞ்சம் பணம் போட்டுப் பங்கு வாங்கிக்கொள்வேன். ஊரில் "வட்டிக்கு உடறீங்களா?" என்று கேட்பார்கள். வட்டி கிடையாது, கம்பெனி போனால் என் பணமும் போய்விடும் என்றால், பாவம் என்று பார்ப்பார்கள்.

அப்படி நான் முதல் ஆளாகப் பணம் போட்ட கம்பெனி 'தும்பு'. மாட்டின் கழுத்துக் கயிறு, அந்தத் தும்புதான். ஆரம்பித்தவர் பானுமதி. மாட்டு மருந்து, தீவனம் விற்கும் கம்பெனியில் பல வருடம் ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய்வந்தவர். பாலக்கோட்டிலிருந்து அரூர் வரைக்கும் எந்த வீட்டில் எந்த மாடு எப்போது கன்று போட்டது என்று அவருக்குத் தெரியும். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டிலிருந்தே மாடு விற்கவும் வாங்கவும் ஒரு ஆப் செய்ய வேண்டும் என்றார். கேட்டவுடனே பிடித்துவிட்டது. சாஃப்ட்வேர் எழுத ஆரோக்கிய பிரவீன் என்று ஒரு இன்ஜினியரையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸ்.

அதன் பிறகுதான் என் சகலை வந்தார்.

சகலை என்றால் மாதவராஜ். என் மனைவி சுகுணாவின் தங்கை வீட்டுக்காரர். அவரும் என்னைப் போலத்தான், பெங்களூர், சாஃப்ட்வேர். ஆனால் அவர் வேலை பார்த்த கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. நான் வேலை பார்த்த கம்பெனி மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அவரும் ஸ்டார்ட்அப்களில் பணம் போட ஆரம்பித்தார். ஒரு காதுகுத்து விருந்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நானே பெருமைக்குத் தும்பைப் பற்றிச் சொன்னேன். "நம்பர் குடுங்க சகலை" என்றார். இலையில் பாயசம் ஊற்றுவதற்குள் பானுமதியிடம் பேசிவிட்டார்.

அவர் போட்டது பெரிய பணம். அதில் எனக்கு வருத்தமில்லை, கம்பெனிக்கு நல்லதுதானே. ஆனால் அதற்கப்புறம் பானுமதி பேச்சை ஆரம்பிக்கும் விதமே மாறிப்போனது. "மாதவராஜ் சார் என்ன சொல்றாருன்னா" என்றுதான் ஆரம்பிப்பார். நான் ஏதாவது சொன்னால், "சரிங்க சார், மாதவராஜ் சார்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். அதுதான் இன்னும் எரியும்.

தருமபுரியில் ஒரு தொழில் முனைவோர் விழா நடந்தது. பானுமதிக்கு விருது. மைக்கைப் பிடித்து, "எனக்கு ஸ்டார்ட்அப்னா என்னன்னு கத்துக்குடுத்தவரு மாதவராஜ் சார்" என்றார். அவரை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். சுகுணா என் முழங்கையில் இடித்தாள்.

"சத்தமா தட்டுங்க. தங்கச்சி பாக்கறா."

தட்டினேன்.

அன்று ஆரம்பித்ததுதான் அவருடைய பக்கத்தைப் பார்க்கும் பழக்கம். லிங்க்ட்இன்னில் சகலை தினமும் எழுதுவார். எங்கே போனாலும் எதையாவது கற்றுக்கொண்டு வந்துவிடுவார். ஏர்போர்ட்டில் பெட்டி வரத் தாமதமானால் அதில் மூன்று பாடம். டீ ஆறிப்போனால் அதில் தலைமைப் பண்பு. ஊரே வந்து கைதட்டும். எனக்கும் ஏர்போர்ட்டில் பெட்டி தாமதமாகியிருக்கிறது. எனக்குக் கோபம் மட்டும்தான் வந்தது. பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு முறை பார்ப்பேன். சாப்பிட்டபின் ஒரு முறை. புதிதாக எத்தனை பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறப்பேன். ஒரு பதிவுக்குக்கூட லைக் போட்டதில்லை.

இப்போது அந்த விலை விஷயத்துக்கு வருகிறேன்.

காரிமங்கலம் மாதிரி மாட்டுச் சந்தைகளில் விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். ஒரு விரல் இவ்வளவு, பாதி விரல் இவ்வளவு என்று கணக்கு. வெளியில் வாய் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

இதெல்லாம் ஏமாற்று வேலை என்று சகலை சொன்னார். துண்டை எடுத்துவிட்டால் தரகர் ஏமாற்ற முடியாது, விலை வெளிச்சத்துக்கு வந்தால் விவசாயிக்குத்தான் லாபம் என்றார். அதனால் தும்பில் ஒரு போர்டு வைத்தார்கள். மாடு விற்றதும் விற்றவர் படம், பெயர், ஊர், மாடு, விலை எல்லாம் அதில் வந்துவிடும். நல்ல விலைக்கு விற்றவர் மேலே நிற்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகவே பட்டது. டெக்னாலஜி என்றாலே மூடி வைத்ததைத் திறப்பது என்றுதான் நானும் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த யோசனை நமக்கு வரவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது.

ஆனால் ஒரு சிக்கல். தும்பில் விற்றவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது. திட்டியவர் யாருமில்லை. இருந்தும் ஒரு முறை விற்றவர் மறுமுறை வருவதில்லை. அடுத்த மாட்டைப் பழையபடி சந்தைக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். டைப் அடிக்கக் கஷ்டப்படுகிறார்கள் என்று பிரவீன் குரலிலேயே பதிவு செய்யும் வசதி செய்தார். மழைக்காலம் என்று பானுமதி காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பானுமதியின் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். பொங்கல் வரைக்கும் பார், அப்புறம் மூடிவிட்டுப் பழைய வேலைக்கே போய்விடு என்று அவர் சொல்லியிருந்தார். பானுமதியும் சரி என்றிருந்தார்.

சகலைக்கு அதற்கும் ஒரு வழி இருந்தது. போர்டை இன்னும் நிறைய பேர் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முன்னால் சந்தை வழியில் ஒரு பெரிய எல்.இ.டி. திரை வைத்து, நல்ல விலைக்கு விற்றவர்களின் படத்தையும் விலையையும் ஓட்டுவது. கம்பெனியில் மிச்சம் இருந்ததெல்லாம் அதற்குப் போய்விடும். திங்கட்கிழமை கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு.

அந்த வாரம்தான் நான் மோட்டார் போடப் போய்ச் சுவர் ஓரம் நின்றேன்.

கண்ணம்மாள் பேசப் பேச எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏன் யாரும் திரும்பி வருவதில்லை என்று விளங்கியது. சகலையின் போர்டுதான் ஆளை விரட்டுகிறது. திரை வைத்தால் மிச்சமிருப்பவர்களும் ஓடுவார்கள். இது எனக்கு மட்டும் தெரியும். சகலைக்குத் தெரியாது.

உள்ளே வந்து இட்லி சாப்பிட்டேன். சுகுணா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்ன தனியா சிரிச்சுட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

"என் தங்கச்சி வூட்டுல கார் வாங்குனப்ப காய்ச்சல்னு படுத்தீங்க. அவுங்க வூடு பால் காய்ச்சுனப்ப முதுகு வலின்னீங்க. இன்னைக்கு அவுங்களுக்கு ஏதாவது கெட்டது நடந்துருக்குதா?"

இவளிடம் எதையும் மறைக்க முடியாது. சுவர் ஓரம் கேட்டதைச் சொன்னேன்.

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதுதான?"

"திங்கக்கெழம பாக்கலாம்."

"பாக்கலாம்னா? சொல்லப் போறீங்களா, இல்ல நடக்கறத வேடிக்க பாக்கப் போறீங்களா?"

நான் இன்னொரு இட்லி கேட்டேன்.

வேடிக்கைதான் பார்க்க நினைத்தேன். திரை வைக்கட்டும். விழட்டும். சால்வை போட்ட அதே ஊரில் சகலையின் முகம் தொங்கட்டும். அதில் என் பணமும் சேர்ந்து விழும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பரவாயில்லை என்று பட்டது. பானுமதி? அவருக்குத்தான் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறதே, அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும் என்று பட்டது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் பட்டது.

திங்கட்கிழமை சகலை பெங்களூரிலிருந்து காரில் வந்தார். ஜெராக்ஸ் கடைச் சந்தில் அந்தக் காரை நிறுத்தியதும் தெருவில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியவில்லை. மாடிக்கு வந்து, "ஹாய் பிரபாகர்" என்று கை கொடுத்தார். வீட்டில் சகலை, ஆபீஸில் பிரபாகர். அங்கேயெல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

பானுமதி பப்ஸும் டீயும் வரவழைத்திருந்தார். பிரவீன் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார்.

"திரைல மொத படம் இதான் சார். இந்த மாசத்துலயே நல்ல வெல. உங்க பக்கத்து வூட்டுக்காரருதான்," என்றார் பானுமதி என்னைப் பார்த்து.

சென்றாயன் புதுச் சட்டையில் மாட்டைப் பிடித்தபடி பல் தெரியச் சிரிக்கிறார். கீழே எலுமிச்சம்பழம் அளவு எழுத்தில் விலை. எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். படத்தின் ஓரத்தில் கண்ணம்மாள் பாதி தெரிகிறார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, படத்துக்குள் வரலாமா வேண்டாமா என்று நிற்கிற மாதிரி.

வாயை மூடிக்கொண்டு இருப்பதென்று முடிவு செய்து வந்தவன் நான். பப்ஸைக் கடித்தேன். பாதியிலேயே கீழே வைத்தேன். இந்தப் படம் சந்தை வழியில் வீடு உயரத்துக்கு நிற்கப்போகிறது. அதற்கப்புறம் தினமும் காலையில் நான் மோட்டார் போடப் போக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணம்மாள் இருப்பார்.

"பானுமதி, இது வேணாம்மா," என்றேன்.

"ஏன் சார்? படம் மாத்திரலாமா?"

"படமில்ல. போர்டே வேணாம்."

சகலை டீயைக் கீழே வைத்தார். நான் கேட்ட சண்டையைச் சொன்னேன். ஆள் பெயரைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தேன். பிரவீன் லேப்டாப்பில் இருந்த படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அதை மூடினார்.

"ஒரு வூட்டுச் சண்டை டேட்டா ஆகாது பிரபாகர்," என்றார் சகலை. கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்படவே மாட்டார். "பிரவீன், அந்த கிராஃப எடுங்க. நம்ம ஆப்புலயே ஜனங்க ரொம்ப நேரம் நிக்கற பக்கம் எது?"

"போர்டு பக்கம்தான் சார்."

"திரும்பத் திரும்பப் பாக்கற பக்கம்?"

"அதுவும் போர்டுதான்."

"அவ்ளோதான். புடிக்காத ஒண்ண ஒரு மனுசன் ஒரு நாள்ல அஞ்சு தடவ பாப்பானா?"

பானுமதி என்னைப் பார்த்தார். பதில் இருக்கிறதா என்று கேட்கிற பார்வை. ரொம்ப நாள் கழித்து அவர் என்னிடம் ஒரு பதிலை எதிர்பார்த்தது அன்றைக்குத்தான்.

"பிரவீன், அதப் பாக்கறவங்க யாரு? மாடு வாங்க வந்தவங்களா?" என்று கேட்டேன்.

பிரவீன் ஏதோ தட்டிப் பார்த்தார். "இல்லீங்க சார். மாடே தேடறதில்ல. ஆப்பத் தொறக்கறாங்க, நேரா போர்டுக்குப் போறாங்க, பாக்கறாங்க, மூடிடறாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி வர்றாங்க."

"எந்த ஊர் ஆளுங்க?"

"விக்கறவங்க ஊரே. பக்கத்து வூட்டுக்காரங்களாத்தான் இருக்கணும்."

"லைக் போடறாங்களா?"

"ஒருத்தரும் போடறதில்ல. அதான் எங்களுக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. அப்படிப் பார்க்கிற ஆள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு ஆதாரம்தான் இருந்தது. அது என் சட்டைப்பையில் இருந்தது. போனை எடுத்துப் பிரவீன் கையில் கொடுத்தேன்.

"லிங்க்ட்இன்ன தொறந்து தேடறதுல ஒரே ஒரு எழுத்து அடிப்பா. எம்."

அடித்தார். சகலையின் முகம் மேலே வந்து நின்றது. பிரவீன் போனை மேஜை நடுவில் வைத்தார்.

"தெனமும் பாக்கறேன் சகலை. பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி பாக்கறேன். நீங்க சொன்ன அஞ்சு தடவய நான் மத்தியானத்துக்குள்ளயே தாண்டிருவேன். ஒரு லைக் போட்டது கெடையாது. புடிச்சா பாக்கறேன்? வயிறு எரியுது, அதனால பாக்கறேன். பாத்தா இன்னும் எரியுது. அதனால மறுபடி பாக்கறேன்."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மேலே சொன்னேன்.

"அந்தப் போர்டப் பாக்கறவன் எல்லாம் என்ன மாதிரி ஆளு. நீங்க அத ஆர்வம்னு எண்ணிட்டு இருக்கீங்க. விக்கறவனுக்கு அது தெரியும். ஊர்க் கண்ணு பூரா தன் மேல நிக்குதுன்னு தெரியும். அதான் அடுத்த மாட்ட துண்டுக்கு அடியில விக்கப் போறான். தரகருக்காகப் போடற துண்டுன்னு நெனைச்சோம். பக்கத்துல நிக்கறவனுக்காகவும்தான் அந்தத் துண்டு."

சகலையின் காது சிவந்திருந்தது. அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தில் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"வெலய மூடிருங்கம்மா," என்றேன் பானுமதியிடம். "வித்தவருக்கும் வாங்குனவருக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

"அப்ப தரகர் ஏமாத்தறது சார்? என்ன வெல போவுதுன்னு தெரியாம எப்படி விப்பாங்க?"

"பேரு ஊரு இல்லாமப் போட்டுரலாம்ங்க," என்றார் பிரவீன். "ரெண்டாம் கன்னு போட்ட கலப்பு மாடு, மாவட்டம் பூரா, இந்த வாரம் இதுலருந்து இது வரைக்கும். யாரு வித்தாங்கன்னு தெரியாது, ஆனா வெல தெரியும்."

"திரை?" என்று கேட்டேன்.

"திரை வேணாம்," என்றார் பானுமதி. சகலையைப் பார்க்காமல் சொன்னார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு நிமிடம் எனக்கு உடம்பே லேசானது.

அந்த ஒரு நிமிடம்தான். சகலை எழுந்தார். "இது நல்ல இன்சைட். இதுக்குப் பேரு வெக்கணும்," என்றார். வெள்ளைப் பலகையில் போய் அழகான கையெழுத்தில் 'துண்டு மோட்' என்று எழுதினார். இந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி, அந்தப் பக்கம் ஒரு வட்டம். முதலில் எந்த ஊரில் சோதித்துப் பார்ப்பது, எதை அளப்பது, யார் எதைச் செய்வது, எல்லாம் வரிசையாகச் சொன்னார். பானுமதி நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். சகலை பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். நான் பப்ஸைச் சாப்பிட்டு முடித்தேன்.

படி இறங்கும்போது தோளில் கை போட்டார். "சகலை, எம்மேல இவ்ளோ பாசம்னு தெரியாமப் போச்சே," என்றார். ஆபீஸ் வாசலில் என்னைச் சகலை என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கிண்டலா உண்மையா என்று இன்னும் தெரியவில்லை. காரை ரிவர்ஸ் எடுக்க நான்தான் பின்னால் நின்று கை காட்டினேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்டை எடுத்தார்கள். துண்டு மோட் வந்தது. பழைய ஆட்களுக்குப் பானுமதி ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னார். பொங்கலுக்குள் சிலர் திரும்பி வந்தார்கள், அவர்கள் சொல்லி இன்னும் சிலர். பொங்கல் முடிந்தது, தும்பு மூடவில்லை. பானுமதியின் வீட்டுக்காரர் ஒரு மாட்டைத் தும்பில் வாங்கி ஊரில் கட்டியிருக்கிறார்.

ஒரு நாள் காலை மோட்டார் போடப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணம்மாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கெடேரிக் கன்னு ஒண்ணு நிக்குது. அந்தப் போன்லயே போட்டுரலாம்னு இவரு சொல்றாரு. வெல வெளிய வராதுங்களா?"

"வராதும்மா."

"உங்களுக்கும் தெரியாதுங்களா? நீங்க அதுல பணம் போட்டுருக்கறதா சொன்னாங்களே."

"எனக்கும் தெரியாது."

"அப்ப சரி," என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கிடேரி ஒரே வாரத்தில் விற்றுப்போனது. சென்றாயன் முகத்தைப் பார்த்தால் நல்ல விலைதான் என்று தெரிந்தது. எவ்வளவு? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரவீனுக்குப் போன் போட்டு, சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"சார், நீங்கதான மூடச் சொன்னீங்க?" என்று சிரித்தார். கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் காலையில், பல் விளக்குவதற்கு முன்னால்தான், வழக்கம்போல சகலையின் பக்கத்தைத் திறந்தேன். புதுப் பதிவு. வெள்ளைப் பலகைப் படம். தலைப்பு: 'ஒருவரின் பொறாமை எனக்குக் கற்றுக்கொடுத்தது.' எனக்குத் தெரிந்த ஒருவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், நான் அவரை வெறுக்கவில்லை, உட்கார்ந்து கேட்டேன், அதிலிருந்து ஒரு கம்பெனியே பிழைத்தது என்று எழுதியிருந்தார். எண்களை நம்பாதே, எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வயிற்றைக் கேள் என்று ஒரு வரி. நல்ல வரி. எனக்கு வராத வரி. கீழே நூற்றுக்கணக்கில் பாராட்டு. என்ன பெருந்தன்மை சார், இப்படி ஒரு அடக்கம் யாருக்கு வரும் என்று. பானுமதி கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

சுகுணாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க பேரப் போடலயே, நல்லவருதான்," என்றாள்.

நல்லவர்தான். அதுதான் என் பிரச்சினையே. ஒரு பொய்யாவது எழுதியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். எழுதியது எல்லாம் உண்மை. அந்தப் பொறாமை மட்டும் என்னுடையது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் இத்தனை நாள் வைத்திருந்ததை அவர் ஒரு பாடமாக்கி விட்டார். மேலே நான் சொன்னதெல்லாம் அந்தப் பதிவில் வரும் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' நான்தான் என்று நாலு பேருக்காவது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தப் பதிவை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையிலிருந்து எத்தனை முறை என்று கேட்காதீர்கள். கட்டை விரல் லைக் பட்டன் மேலே போகிறது, நிற்கிறது, திரும்பி வந்துவிடுகிறது. போட்டால் தோற்ற மாதிரி இருக்கிறது. போடாவிட்டால் அந்தப் போர்டைப் பார்த்து மூடுகிற ஆள் மாதிரியே இருக்கிறேன்.

உங்களில் எத்தனை பேர் இப்படி ஒருவருடைய பக்கத்தை லைக் போடாமல் தினமும் பார்க்கிறீர்கள்? எப்படியாவது அதை நிறுத்த முடிந்ததா? நான் சகலைக்கு அந்த லைக்கைப் போடலாமா, வேண்டாமா? உங்களுக்குத் தோன்றுவதைக் கீழே எழுதுங்கள். சும்மா படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். தயவுசெய்து எழுதுங்கள்.